வருகிற கலைஞரை முதலில் வேலை செய்ய விடு, தங்கச்சி

அன்புள்ள தங்கைக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. சிங்கப்பூரில் உன் கல்லூரியின் ரெசிடென்சி பொறுப்பை, அதாவது ஒரு கலைஞரைச் சில மாதம் வளாகத்தில் வைத்துப் படைக்கச் செய்யும் திட்டத்தை, உன் தலையில் கட்டிவிட்டார்கள், அக்டோபரில் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு சுடுமண் சிற்பக் கலைஞர் வருகிறார், ஜனவரி வரை இருப்பார், மாணவர்களுக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். உன் கல்லூரி எது என்று சொல்ல மாட்டேன், பயப்படாதே.

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். வாரம் இரண்டு பயிலரங்கு, மாதம் ஒரு கலந்துரையாடல், நவம்பரில் தீபாவளி அலங்காரம், கடைசியில் கண்காட்சி, திறப்பு விழா, முதல்வர் உரை. எல்லாம் சரி. இதில் அந்த மனிதர் தன் வேலைக்காக மண்ணைத் தொடுவது எப்போது? டியூஷன் ஆசிரியருக்குப் போடுகிற அட்டவணையை அவருக்குப் போட்டிருக்கிறாய்.

மண் பிசையவும் சக்கரத்தில் பானை வனையவும் கற்றுக்கொள்ள மாணவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. சமூக மன்றத்தில் வார இறுதி வகுப்புக்குப் பணம் கட்டினால் போதும். கல்லூரிக்குள் ஒரு கலைஞரைக் கொண்டுவந்து வைப்பதால் மட்டும் கிடைக்கிற ஒன்று உண்டு. விடை தெரியாத ஒரு வேலையில் இறங்கி, அது சரியாக வராமல், மறுநாள் வேறு மாதிரி முயன்று பார்க்கும் ஒரு பெரிய ஆளைப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்ப்பது. நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலிருந்து விடைத்தாளோடு வளர்ந்தவர்கள். ஆசிரியர் தடுமாறுவதை அவர்கள் பார்த்ததே இல்லை. அதனால் கலைஞர் தன் வேலையைத் தானே செய்வதற்கான நேரத்தை நீ காப்பாற்றித் தர வேண்டும். உன் பொறுப்பில் பாதி அதுதான்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குள் ஓவியரைத் தங்கவைக்கும் வழக்கம் 1936-ல் விஸ்கான்சினில்தான் தொடங்கியது என்பார்கள். ஜான் ஸ்டுவர்ட் கரி என்ற ஓவியரை அழைத்தது நுண்கலைத் துறை இல்லை, வேளாண்மைக் கல்லூரி! வகுப்பு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு வைக்கவில்லை. வளாகத்தில் ஒரு சிறிய ஓவியக்கூடம் கொடுத்து, வரையச் சொன்னார்கள். பயிர் வளர்ப்பும் மாடு வளர்ப்பும் படிக்க வந்த பிள்ளைகளுக்கு ஓவியர் எதற்கு என்று அங்கேயும் யாராவது கேட்டிருப்பார்கள். உன் துறைத்தலைவர், "நம்மகிட்ட இருக்கிறது பொறியியலும் வணிகமும்தானே, கலைஞர் எதுக்கு?" என்று கேட்டாரே, அவரிடம் இந்தக் கதையைச் சொல்.

அடுத்தது இடம். இதில்தான் நீ சண்டை போட வேண்டியிருக்கும். நானும் இப்படித் தங்கி வேலை செய்த கலைஞன்தானே, ஒரு கல்லூரியில் எனக்கு ஆறாவது மாடியில் கண்ணாடி அறை கொடுத்தார்கள். குளிர்சாதனம், வெள்ளைச் சுவர், உள்ளே வர அட்டை தட்ட வேண்டும். அதிகாரிகளும் விருந்தினரும் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மாணவர்கள் வரவில்லை. எப்படி வருவார்கள்? அவர்களுடைய அட்டைக்கு அந்தக் கதவு திறக்காது. இன்னொரு கல்லூரியில் அறை காலியில்லை என்று கேன்டீனுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே, படிக்கட்டுக்குக் கீழே ஒரு மூலையை ஒதுக்கினார்கள். மின்விசிறிகூடக் கிடையாது. எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல இடம் அதுதான். வங்காளத்துச் சாந்திநிகேதனில் சிற்பி ராம்கிங்கர் பெய்ஜ் 1938-ல் சந்தால் பழங்குடிக் குடும்பம் ஒன்று இடம்பெயர்ந்து போவதைச் சிமெண்டும் செம்மண் சரளையும் கொண்டு ஆளுயரத்துக்கு மேல் எழுப்பியது திறந்தவெளியில். அது இன்றும் அங்கேயே நிற்கிறது. போகிறவர் வருகிறவர் கண்ணில் படாமல் அப்படி ஒன்றைச் செய்ய முடியுமா?

அந்தப் படிக்கட்டு மூலையில் நடந்ததைக் கொஞ்சம் சொல்கிறேன். நான் பறை கட்டிக்கொண்டிருந்தேன். புளியங்கொட்டைப் பசையைக் காய்ச்சி, மரச்சட்டத்தில் தடவி, நனைந்த தோலை இழுத்து ஒட்டும் வேலை. அவசரப்பட்டால் தோல் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். தே பெங் (ஐஸ் போட்ட பால் தேநீர்) பையை விரலில் மாட்டிக்கொண்டு ஒரு பையன் தினமும் அந்த வழியாகப் போவான். மெட்டீரியல்ஸ் (பொருளறிவியல்) படிப்பவன் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் நின்று, "அங்கிள், காலையில தொப்பு தொப்புனு கேட்டுச்சு, இப்ப கணீர்னு கேட்குதே, வேற பறையா?" என்றான். அதே பறைதான். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழை இல்லாத நாளில் பிற்பகலில் 60 வாக்கில் இறங்கிவிடும். தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும், காய்ந்தால் விறைக்கும். ஊரில் வைக்கோலைக் கொளுத்தி வாட்டுவார்கள். வளாகத்தில் நெருப்பு மூட்டினால் பாதுகாவலர் என்னைத்தான் தூக்கிக்கொண்டு போவார்.

அவன் மறுநாள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஈரப்பதம் அளக்கும் கருவியையும் ஒரு மலாய் நண்பனையும் கூட்டிக்கொண்டு வந்தான். கைப்பேசியில் சுதி பார்க்கும் செயலி. காலை, மதியம், மாலை என்று சுவரில் எழுத ஆரம்பித்தார்கள். நெருப்புக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி, இயந்திரப் பட்டறையிலிருந்து ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வாங்கி வந்தார்கள். எவ்வளவு தூரத்தில் பிடித்தால் தோல் சுருங்காது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு தோல் பாழானது. போகட்டும். நான் அவர்களுக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. அடி எப்படி அடிப்பது என்று அவர்கள் கேட்டதே கடைசியில்தான்.

ஹீட் கன் கொடுத்தவர் பட்டறையின் தொழில்நுட்ப அலுவலர். உன் பட்டியலில் அப்படி ஒருவரும் இல்லை. விரிவுரையாளர்களையும் துறைத்தலைவரையும் போட்டிருக்கிறாய். தங்கச்சி, எந்தக் கருவி எங்கே கிடக்கிறது, எந்த அறை எப்போது காலி, எதைத் தொட்டால் கை போகும் என்று தெரிந்தவர் அவர்தான். ராபர்ட்சன் கீயில் 2002-லிருந்து இயங்கும் எஸ்டிபிஐ (STPI) என்ற அச்சுக்கலை, காகிதப் பட்டறையைப் போய்ப் பார். அங்கே தங்கிப் படைக்க வரும் ஓவியர்களோடு அச்சுக்கலைஞர்களும் காகிதம் செய்கிறவர்களும் சேர்ந்து நின்று வேலை செய்கிறார்கள். வருகிறவருக்கு யோசனை இருக்கும், பட்டறையில் இருப்பவருக்குக் கை இருக்கும். உன் கல்லூரியில் அந்தக் கை ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது. கலைஞர் வருவதற்கு முன்பே போய் அவரோடு ஒரு கோப்பி குடி.

உன் கலைஞருக்கு மண் என்பதால் காலக்கணக்கு இன்னும் முக்கியம். நீ கண்காட்சியை டிசம்பர் முதல் வாரத்தில் வைத்திருக்கிறாய். அக்டோபர் நடுவில்தான் உங்கள் பருவம் தொடங்குகிறது. டிசம்பரில் விடுமுறை, பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அதோடு வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். கனமான மண் உருவம் உள்வரை காயாமல் சூளைக்குப் போனால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி உருவத்தை வெடிக்க வைத்துவிடும். இங்கே காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். உங்களிடம் சூளையும் இல்லை. ஜாலான் பஹார் பக்கம், நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு அருகில், 1940-ல் கட்டிய தௌ குவாங் டிராகன் சூளை இருக்கிறது. விறகில் எரியும் நீளமான சூளை, அதை நினைத்தபோதெல்லாம் மூட்ட மாட்டார்கள். இப்போதே அவர்களிடம் பேசு. இடம் கிடைத்தால் மாணவர்களையும் அழைத்துக்கொண்டு போ. கிடைக்காவிட்டால் பக்கத்தில் மின்சூளை வைத்திருக்கும் மண்பாண்டக் கூடங்களைக் கேள். எப்படியானாலும் கண்காட்சியை ஜனவரி கடைசிக்குத் தள்ளு. அப்போதும் பாதி உருவம் சுடாமல் இருந்தால் சுடாமலே வை. உடைந்ததையும் வை.

தீபாவளி அலங்காரம். அதை எடுத்துவிடு என்று சொல்லவே தனியாக ஒரு கடிதம் எழுதலாம்! தமிழ்க் கலைஞர் யாராவது வளாகத்துக்குள் நுழைந்தால் போதும், கோலம், குத்துவிளக்கு, பொங்கல் பானை என்று கேட்டு வரிசையில் நிற்பார்கள். நல்லெண்ணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்து முடித்த மறுநாளிலிருந்து அவர் இந்திய மாணவர்களின் ஆள் ஆகிவிடுவார். சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் தூரத்திலிருந்து கைதட்டிவிட்டுப் போய்விடும். நம் பிள்ளைகளுக்கும் அதனால் பெரிய லாபம் இல்லை. பண்டிகைக்கு மட்டும் வெளியே வரும் பொருளாகத் தமிழைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கே சலித்திருக்கிறது. அந்த மூலையில் அவர் தமிழில் பேசட்டும், தமிழில் அலுத்துக்கொள்ளட்டும், தப்பாகப் போனால் தமிழில் திட்டட்டும். தமிழ்ப் பாடத்தைப் பள்ளியோடு மூட்டை கட்டிய பையன்கள் அங்கே வந்து மொழிபெயர்த்துச் சொல்லப் போட்டி போடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பணம். கலைஞரின் பணத்தை மாதாமாதம் கொடுக்கச் சொல், கண்காட்சி முடிந்த பிறகு மொத்தமாக என்று விடாதே. அதைவிட யாரும் யோசிக்காத ஒன்று: மாணவர்களுக்கும் கொடு. மாலை ஐந்து மணிக்குமேல் தன்னார்வலர்கள் வரலாம் என்று போட்டிருக்கிறாய். அந்த நேரத்தில் உன் பிள்ளைகளில் பலர் கடைகளில் பகுதிநேர வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். வருகிறவர்கள் வீட்டில் வசதி உள்ளவர்களும், சிசிஏ (பாடத்துக்கு வெளியிலான நடவடிக்கை) புள்ளிக்காகக் கையெழுத்து வாங்க வருகிறவர்களும்தான். இரண்டு உதவியாளர் இடங்களுக்காவது மணிக்கணக்கில் கூலி போடு. அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணம் அதற்குச் சரியாக இருக்கும்.

மேலிடம் எண்ணிக்கை கேட்கும், தெரியும். பொதுப்பணம் வாங்கினால் கணக்குக் காட்டத்தான் வேண்டும், அதில் எனக்குக் கோபம் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எழுது. பக்கத்திலேயே இன்னொரு பத்தி போட்டு, மூன்றாவது முறையாக யாரும் சொல்லாமல் வந்தவர்கள் எத்தனை பேர் என்றும் எழுது. அரங்கத்தில் வகுப்போடு உட்காரவைத்த இருநூறு பேருக்கும், தானாக மூன்று முறை வந்த ஏழு பேருக்கும் வித்தியாசம் அந்தத் தாளைப் பார்க்கிறவருக்கே புரியும். புரியாவிட்டால் நேரில் போய்ச் சொல், உனக்கு வாய் இல்லாமலா போயிற்று?

பயிலரங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வைத்துக்கொள், இரண்டும் முதல் மாதம் கழித்து. அதற்குள் அவருக்கே யாரோடு என்ன செய்யலாம் என்று ஒரு எண்ணம் வந்திருக்கும். முதல் வாரம் மட்டும் அவரை எங்கேயும் அறிமுகப்படுத்தாதே. ஆள் ஊருக்குப் புதியவர். பேருந்து அட்டை வாங்கிக் கொடு, சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று காட்டு, மண் எங்கே வாங்கலாம் என்று கூட்டிக்கொண்டு போ.

சனிக்கிழமை அந்த இடத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடு. மண்ணுக்கு வார இறுதி தெரியாது, ஈரத்துணி மாற்றிப் போட யாராவது உள்ளே போக வேண்டும். திருத்திய அட்டவணையை அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்