பெல்லா ஏரிக் கிணறுகளைக் காத்தவர்களுக்கு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள வொர்திங்டன் நகரக் குடிநீர், மின்சாரத் துறையினருக்கும், ஃபெசன்ட் பறவைகளின் வாழிடத்தைக் காக்கும் 'ஃபெசன்ட்ஸ் ஃபாரெவர்' அமைப்பின் நோபிள்ஸ் கவுண்டிக் கிளையினருக்கும், நிலம் கொடுத்த விவசாயிகளுக்கும், துப்பாக்கியும் நாயுமாக வரும் வேட்டைக்காரர்களுக்கும் வணக்கம்.

உங்களில் யாருக்கும் தமிழ் தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைப் படிக்க வேண்டும். "வேட்டையாடுறதுக்கா நிலம் வாங்குறாங்க உங்க ஊர்ல?" என்று போனில் முகம் சுளிக்கும் எங்கள் சொந்தபந்தங்களும் படிக்க வேண்டும்.

மினசோட்டாவின் தென்மேற்கு மூலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளமும் சோயாவும்தான். ஊருக்குத் தெற்கே, பெல்லா ஏரியை ஒட்டி நகரத்தின் குடிநீர்க் கிணறுகள் இருக்கின்றன. அதிக ஆழமில்லை, மணலும் சரளையும் கலந்த மண். மேலே வயலில் போடும் உரத்தின் நைட்ரேட் மழையோடு இறங்கினால் நேரே ஊற்றுக்குத்தான் போகும். நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்நாட்டுக் குடிநீர் விதி. தாண்டினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்துபோகலாம். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம் அம்மாக்களின் வைத்தியம் இங்கே எடுபடாது. காய்ச்சக் காய்ச்ச நைட்ரேட் செறிவு கூடத்தான் செய்யும்.

கெட்ட தண்ணீரைச் சுத்திகரிக்கப் பெரிய ஆலை கட்டலாம். நீங்கள் தண்ணீர் கெடாமலிருக்க வழி பார்த்தீர்கள். கிணறுகளுக்கு மேலே இருந்த வயல்களை வாங்கிப் புல்வெளியாக்கினீர்கள். அப்படி உருவானதுதான் 'வொர்திங்டன் வெல்ஸ்' வனவிலங்கு மேலாண்மைப் பகுதி, அதாவது வேட்டைக்கும் அனுமதி உள்ள அரசு நிலம். நகரத்துக்குத் தேவை தண்ணீர், ஃபெசன்ட் கிளைக்காரர்களுக்குத் தேவை பறவை. இரண்டுக்கும் ஒரே நிலம் போதும் என்று முதலில் கண்டவர் யாரோ, அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

ஃபெசன்ட் என்றால் என்ன என்று கேட்கும் ஊர்க்காரர்களுக்கு: மயிலுக்கும் காட்டுக்கோழிக்கும் பங்காளி. ஆசியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவை. ஆக, இதுவும் எங்களைப் போல வந்தேறிதான்!

நிலம் கொடுத்தவர்களுக்குச் சொல்லும் நன்றி எளிதில் வருவதில்லை. தலைமுறையாக உழுத கறுப்பு மண்ணைப் புல்லுக்கு விடுவது எப்படிப்பட்டது என்று தஞ்சைப் பக்கத்துக்காரியான எனக்குக் கொஞ்சம் தெரியும். விளைநிலம் அரசின் கைக்குப் போனால் உள்ளூர் வரி வருமானம் குறையும் என்று சிலர் முணுமுணுப்பதிலும் நியாயம் உண்டு. மாநிலம் அதற்கு ஈடாக ஒரு தொகை தருகிறது என்றாலும், அந்தக் கவலையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

விதை தூவியவர்களுக்கும் நன்றி. முதல் வருடம் பார்த்தால் வெறும் களைக்காடு. இதற்கா இவ்வளவு செலவு என்று தோன்றும். புல் பிடிக்க மூன்று வருடமாவது ஆகும். பிடித்துவிட்டால் பெரிய புளூஸ்டெம் போன்ற புற்களின் வேர் ஆளை விட ஆழமாக இறங்கி நைட்ரேட்டை வாங்கிக்கொள்ளும். அவ்வப்போது திட்டமிட்டுத் தீ வைத்து அதைப் பராமரிப்பவர்கள் படும் பாடும் கொஞ்சமில்லை.

இனி வேட்டைக்காரர்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வளர்ந்த எனக்கு, வேட்டை என்றால் குற்றம் என்றுதான் பழக்கம். இன்றும் நான் துப்பாக்கியைத் தொட மாட்டேன். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1937 முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் கூட்டாட்சி வரி மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கே போகிறது. வேட்டை உரிமக் கட்டணமும், ஃபெசன்ட் வேட்டைக்குத் தனியாக வாங்கும் முத்திரையின் காசும் இருக்கின்றன. சேவலை மட்டும்தான் சுடலாம், பெட்டையைத் தொடக் கூடாது. இவர்கள் இல்லையென்றால் அங்கே இன்னும் மக்காச்சோளம்தான் நின்றிருக்கும்.

நம் பங்கும் உண்டு. 2008-இல் மினசோட்டா மக்கள் வாக்களித்துக் கூட்டிய விற்பனை வரி, 100 டாலருக்கு முப்பத்தேழரை சென்ட். அதில் மூன்றில் ஒரு பங்கு இதுபோன்ற வாழிடங்களுக்குப் போகிறது. 2034 வரை இருக்கும். சோபா வாங்கிய ஒவ்வொருவரும் அறியாமலே கொடுத்திருக்கிறோம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு செய்தி. அந்தப் புல்வெளியில் நடக்கவும் பறவை பார்க்கவும் கட்டணம் இல்லை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஃபெசன்ட் பருவம் தொடங்கும். அதன் பிறகு போனால் பிள்ளைகளுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டையோ தொப்பியோ போட்டு அழைத்துப் போங்கள்.

நன்றியுடன்,
வொர்திங்டன்வாழ் தமிழ்க் குடும்பம் ஒன்று