துணிவும் பொறுமையும் யாருக்குச் சொந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துணிவு ஆண்மை, பொறுமை பெண்மை என்று இலக்கணம் வகுத்த ஞாயிறு இணைப்புக் கட்டுரையைப் படித்து மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

நான் மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன். அம்மா மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்தார். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் அப்பா, எங்கள் நால்வரையும் குளிப்பாட்டி, தங்கைக்கு இரட்டைச் சடை பின்னி, பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் படுப்பார். சடை கோணலாகத்தான் இருக்கும். தங்கை அதை அவிழ்க்க விடமாட்டாள். லயத்தில் கேலி செய்தவர்களுக்கு அவர் ஒரு சொல்கூடத் திருப்பிச் சொன்னதில்லை. அந்தப் பொறுமையைக் கட்டுரையாளர் எந்தப் பக்கம் எழுதுவார்?

2015 செப்டம்பரில் அதே மூணாற்றில் போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தவர்கள் பெண்கள். பெரும்பாலோர் தமிழர். தொழிற்சங்கத்து ஆண் தலைவர்களை அருகில் அண்டவிடவில்லை. 'பொம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற அவர்களின் அமைப்புப் பெயரை நாடே அறிந்தது. 20 சதவீதம் என்று முடிவான பிறகே எழுந்தார்கள். அது துணிவில்லையா?

வேளாண்மை, தாளாண்மை என்ற சொற்களில் உள்ள 'ஆண்மை' ஆளும் தன்மையைச் சொல்வது. ஆண் பிள்ளையை அல்ல.

கட்டுரையாளர் ஒருநாள் விடியற்காலையில் போடிக்கு வரட்டும். ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, கேரள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம் அவரே கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
போடிநாயக்கனூர்.