மூன்றாவது கரண்டி ரசம்

கும்பகோணம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ போன் பண்ணி 23 நாள் ஆகிறது. எண்ணுவது நானல்ல, அம்மா.

குட்டி ஆறு வயதிலேயே பின்னக் கணக்கு போடுகிறானாமே, மருமகள் சொன்னாள். நம் வீட்டு ரத்தம். டிபன் நேரத்தில் தனியாக உட்கார்கிறான் என்றும் சொன்னாள். அதற்கு நீ, ‘நானும் அப்படித்தான் இருந்தேன், என்ன கெட்டுப் போய்விட்டேன்?’ என்றாயாம். சரி, அது உங்கள் வீட்டு விஷயம்.

நேற்று சாரங்கபாணி சன்னதித் தெரு வழியாக வந்தேன். கணித மேதை ராமானுஜன் வீட்டு வாசலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவருடைய 1729 டாக்ஸி நம்பர் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ரசம் கதையைச் சொன்னதே இல்லை. கேம்பிரிட்ஜில் தன் கையால் சமைத்து, தெரிந்தவர்களை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு தடவை ரசம் வாங்கிக்கொண்டவர்கள் மூன்றாவது தடவை போதும் என்றார்கள். உடனே எழுந்து வெளியே போன ராமானுஜன் திரும்பவே இல்லை. சில நாளில் ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வருகிறது, பணம் அனுப்பச் சொல்லி. ரசம் போதும் என்றால் ரசம் மட்டும்தான் போதும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

குட்டியைச் சாயங்காலம் பார்க்கில் விடு. மற்ற பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் உடனே திருத்த வேண்டாம் என்று சொல். ‘நீங்கள் என்ன விளையாடுகிறீர்கள்’ என்று முதலில் கேட்கட்டும். பார்க்கில் விடு.

நம் வாசலுக்குள் ஒரு தடவை தெருப் பையன்கள் பந்து வந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ‘வரியாடா?’ என்றான் ஒருவன். நீ அந்தப் பந்து எந்தக் கோணத்தில் எழும்பி வந்தது என்று விளக்க ஆரம்பித்தாய். முடிப்பதற்குள் போய்விட்டார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பெருமையில்தான். வந்த விருந்தாளிகளிடமெல்லாம் அதைச் சொன்னேன், உன்னையும் ஊஞ்சல் பக்கத்தில் நிற்க வைத்து வர்க்க வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னேன்.

அடுத்த வாரம் அதே பையன் உன்னைக் கூப்பிட வந்தான். ‘அவனுக்குப் படிப்பு இருக்கு’ என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். நீ உள்ளே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாயாம். அம்மா போன வாரம்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன். உனக்கு வேலை இருந்தால் போனைக் குட்டியிடம் கொடு.

அப்பா