தறி தானாக நிற்கும், ஆள்?

அன்புள்ள முருகேசு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். தறி ஷெட்டில் சூப்பர்வைசர் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். உன்னிடம் மறைப்பானேன், முதல் மாதமே சறுக்கிவிட்டேன்.

ஒருநாள் சரசக்கா வந்து, "தம்பி, ஒன்பதாம் நம்பர் தறியில துணி நெடுக கோடு விழுதுங்க, ரீடைப் பாக்கோணும்" என்றார். ரீடு என்றால் தறியில் இழைகளைப் பிரித்துப் பிடிக்கும் சீப்பு மாதிரியான பாகம். அன்றைக்கு உற்பத்தி ஏற்கெனவே குறைவு. "இத்தனை நேரம் என்ன பண்ணீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவருக்கு இருபது வருஷ சர்வீஸ். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

அப்புறம் இரண்டு வாரம் ஷெட்டில் ஒரு புகாரும் இல்லை. ஆட்களைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்குள் பெருமை வேறு! துணியைச் சோதிக்கும் மேசையில்தான் குட்டு உடைந்தது. வேறொரு தறியில் அதே கோடு, முந்நூறு மீட்டருக்கு மேல். ஓட்டிய பையனுக்கு முதல் நாளே தெரியும். என்னிடம் எதற்குச் சொல்வான்?

பாவு இழை, அதாவது நெடுக்காக ஓடும் நூல், அறுந்தால் தறி தானே நின்று விளக்குப் போடுகிறது. ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தறியிலேயே இந்த ஏற்பாடு உண்டு. அவர் மகன் 1937-ல் தொடங்கியதுதான் டொயோட்டா கார் கம்பெனி. அங்கே குறை கண்ட தொழிலாளி தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுப்பான், குழுத் தலைவர் ஓடி வருவார், சரியாகாவிட்டால் லைனே நிற்கும். ஆனால் ரீடுப் பல் வளைந்தது நம் தறிக்குத் தெரியாது. ஆள்தான் பார்த்துச் சொல்லவேண்டும். சொல்ல வந்த ஆளைத்தான் நான் விரட்டியிருக்கிறேன்.

டீ நேரத்தில், கத்திய அதே இடத்தில் வைத்து சரசக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். இப்போது யார் வந்து சொன்னாலும் "எப்பயிருந்து?" என்றுதான் முதலில் கேட்கிறேன். "யாரு?" என்ற கேள்வி நாக்கு நுனி வரை வரும், விழுங்கிக்கொள்வேன். ஷிப்ட் தொடங்கியதும் கண்ணாடி அறையில் உட்காராமல் ஷெட்டை இரண்டு சுற்று வருகிறேன்.

போன வாரம் சரசக்கா தறியை அவரே நிறுத்திவிட்டு ஆளனுப்பினார். ஓடிப்போய், பொறுமையாகத்தான் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேச்சு மாறிப்போச்சுங்க தம்பி, மூஞ்சிதான் இன்னும் பழசாவே இருக்குது."

பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவன் நீ, இந்த மூஞ்சிக்கு என்ன வழி என்று எழுது.

அன்புடன்,
செல்வராசு