ஞாயிறு வரை காத்திருக்க முடியாத கதவு

மதிப்பிற்குரிய பூங்கா விழாக் குழுவினருக்கு,

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கான அழைப்பிதழ் கிடைத்தது, நன்றி. படுகர் நடனம், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, சாயங்காலம் விளக்கு அலங்காரம் என்று நிறைவாக ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். பூங்கா மறுபடி உயிர் பெற்றதில் உங்களுக்கு இருக்கும் சந்தோஷம் எனக்கும் இருக்கிறது. உண்ணிச்செடி மண்டி, கண்ணாடி மாளிகையில் பாதிக் கண்ணாடி உடைந்து கிடந்த நாட்களில் நீங்கள் வீடு வீடாக வந்தீர்கள். அப்போது நானும் 500 ரூபாய் கொடுத்தேன்.

அந்த உரிமையில் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண்ணாடி மாளிகைக்குப் பின்னால் கட்டி முடித்துப் பூட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தக் கழிப்பறையைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு இப்போதே திறந்துவிடுங்கள்.

நடந்தது உங்களுக்கே தெரியும். எருக்குழிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பழைய கழிப்பறை ஒன்று இருந்தது. கதவு சரியாகச் சாத்தாது, தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோக வேண்டும். என்றாலும் ஒரு மறைவு இருந்தது. சுற்றுலாக் கூட்டம் வரும் இரண்டாம் சீசன் முடிந்த கையோடு, அக்டோபர் கடைசியில், பார்வைக்கு நன்றாக இல்லை என்று அதை இடித்தீர்கள். புதியது டிசம்பரிலேயே தயாராகிவிட்டது. தண்ணீர் வருகிறது, விளக்கு எரிகிறது. இப்போது பிப்ரவரி. பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது.

அங்கே தினக்கூலிக்கு வேலை செய்யும் 11 பெண்களில் என் அம்மாவும் ஒருவர். காலை 7 மணிக்கு உள்ளே போனால் 4 மணிக்குத்தான் வெளியே வருவார். பக்கத்தில் உள்ள பொதுக் கழிப்பறை என்றால் பஸ் ஸ்டாண்டில்தான். மேட்டில் ஏறி இறங்கிப் போய்வர முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் யார் விடுவார்கள்? அதனால் அம்மா தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். வீட்டிலிருந்து கொண்டுபோகும் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறது. 11 மணிக்கு டீ வந்தால் வேண்டாம் என்கிறார். நம் ஊர் உறைபனியில் சூடாக ஒரு வாய் டீயை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று இந்த மலையில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குளிரில் சும்மாவே அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தோளில் இருக்கும் பையைக்கூட இறக்காமல் நேராகப் பின்பக்கம் ஓடுவார். அப்புறம் வந்து நின்றபடியே இரண்டு சொம்புத் தண்ணீர் குடிப்பார். இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தார். 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று டாக்டர் சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாளும் பாட்டில் நிரம்பியேதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை அம்மா வாய்விட்டே சாவி கேட்டிருக்கிறார். "திறப்பு விழாவுக்கு முன்னாடி புழங்கினா அழுக்காயிடும்மா, ஞாயிறு வரைக்கும் பொறுத்துக்கோங்க" என்று பதில் வந்திருக்கிறது. சொன்னவர் யார் என்று நான் எழுதப் போவதில்லை. அவர் யாரோ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வார்த்தை எனக்குத் தாங்கவில்லை. விழாவில் எல்லாரும் பார்க்கப்போகிற அந்த பூச்செடிகள் பனியில் கருகாமல் நிற்பது எதனால்? டிசம்பர், ஜனவரி முழுக்க மாலையில் மிலார் என்ற செடியின் கிளைகளைக் கொண்டு மூடி, விடியும்போது இலைமேல் உறைந்த பனிக்குத் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றியது இந்தக் கைகள்தான். செடிக்குப் பனி தாங்காது என்று யோசித்த நமக்கு, வேலை செய்கிறவரின் உடம்பு தாங்காது என்று ஏன் தோன்றவில்லை?

அழைப்பிதழோடு வந்த சின்னப் புத்தகத்தையும் படித்தேன். 1848இல் ஊட்டித் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் பற்றியும், 1874இல் தொடங்கிய குன்னூர் சிம்ஸ் பூங்கா பற்றியும் நல்ல விதமாக எழுதியிருக்கிறீர்கள். ஊட்டிப் பூங்கா முதலில் அங்கே குடியிருந்தவர்கள் சந்தா போட்டுத் தொடங்கிய காய்கறித் தோட்டம் என்பதையும் சேர்த்திருக்கலாம். வேண்டியவர்கள் பணம் போட்டுத் தங்களுக்காக உண்டாக்கிக்கொண்ட தோட்டம் அது. நம் பூங்காவை மீட்டதும் அப்படித்தான். என் அம்மாவோடு வேலை செய்யும் பெண்களில் நான்கு பேர் ஆளுக்கு 100 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். ரசீது இருக்கிறது.

இது நம் பூங்காவோடு முடிகிற விஷயமும் இல்லை. தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்குக் கழிப்பறை கட்டித்தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். அப்படியிருந்தும் கொழுந்து பறிக்கிற பெண்கள் புதர் மறைவு தேடிப் போவதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அட்டைக்கும் காட்டெருமைக்கும் பயந்து இரண்டு பேராகத்தான் போவார்கள். சீசனுக்கு வருகிறவர்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று வருடா வருடம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான், அவர்களால்தான் பல வீட்டில் அடுப்பு எரிகிறது. வருடம் முழுக்க இங்கேயே குனிந்து வேலை செய்கிறவர்களைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேசினோம்?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். நான் கேட்பது அந்த ஒரு கதவுதான்.

திறப்பு விழா நடக்கட்டும், வருகிறவர் ரிப்பன் வெட்டட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு முன்னாலேயே இந்தப் பெண்கள் கழிப்பறையைப் பயன்படுத்துவதால் விழாவுக்கு ஒரு குறையும் வராது. அழுக்காகும் என்ற கவலை இருந்தால், சனிக்கிழமை சாயங்காலம் நானே வந்து கழுவித் தருகிறேன். விழா முடிந்தபின் கட்டண டிக்கெட் வைத்தாலும் வேலை செய்கிறவர்களுக்கு இலவசமாக, வேலை நேரம் முழுக்கத் திறந்திருக்கும்படி செய்யுங்கள்.

நாளை காலை 7 மணிக்கு அம்மா வேலைக்கு வருவார். அதற்குள் தயவுசெய்து பூட்டை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பூங்காவுக்கு சந்தா கொடுத்த ஒருத்தி