ஐப்பசி இருட்டில் வாணம் பிடிக்க

காரைக்குடி
புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கேமரா வாங்கியாயிற்று, தீபாவளிக்குக் கானாடுகாத்தான் வீட்டுக்கு வருகிறோம் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். இங்கே இரண்டு நாளாக மழை பிடித்துக்கொண்டது, ஊருணியில் தண்ணீர் ஏறுகிறது. தேன்குழல் மாவு திரிக்க மில்லில் இப்போதே வரிசை. மற்றபடி எல்லோரும் சுகம்.

கேமராவோடு வந்த 18–55 மி.மீ. ஜூம் லென்ஸ் போதுமா என்று கேட்டாய். தீபாவளி வாணத்தைப் படம் பிடிக்க அது தாராளம். லென்ஸுக்கு வைத்திருக்கும் காசில் ஆடாத ட்ரைபாட் ஒன்றும், வயர் ரிமோட் ஒன்றும் வாங்கு. செல்போன் ஆப் வழியாகவும் ஷட்டரை அமுக்கலாம்தான். ஆனால் அதில் அரை நொடி, ஒரு நொடி பிந்தும். அதற்குள் வாணம் பூத்து முடிந்துவிடும்.

முதலில் ஒரு சங்கதி. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். சாதாரணப் படத்தில் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, அதிக நேரம் திறந்திருந்தால் படம் வெளுத்துப்போகும். வாணத்தில் அப்படி இல்லை. பொறி ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. படம் பதியும் சென்சாரில் ஒரு புள்ளியின் மேல் அது தங்குவது கண்ணிமைக்கும் நேரம். அடுத்த கணம் பக்கத்துப் புள்ளிக்குப் போய்விடும். ஆகவே 2 நொடி திறந்தாலும் 8 நொடி திறந்தாலும் அந்தக் கோட்டின் பளபளப்பு ஒன்றுதான். அதைத் தீர்மானிப்பவை அப்பர்ச்சரும் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) ஐ.எஸ்.ஓ.வும் (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்). கோடு எவ்வளவு நீளம், ஒரு படத்தில் எத்தனை வாணம், பின்னாலுள்ள வானமும் கோபுரமும் தெருவிளக்கும் எவ்வளவு வெளிச்சம் என்பதெல்லாம் நேரத்தின் கையில். ஓடுகிற நெருப்புக்கு அப்பர்ச்சர், நிற்கிற பொருளுக்கு நேரம். இதை மனசில் போட்டுக்கொள்.

ஆட்டோவில் வைத்தால் ஏன் கெட்டுப்போகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. கேமரா கறுப்பு வானத்தைப் பார்த்து, வெளிச்சம் போதவில்லை என்று ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்துவிடும். கோடுகள் நிறம் செத்து, வெள்ளைப் பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி தடித்து விழும். போதாததற்கு பிளாஷ் வேறு அடித்து, முன்னால் மிதக்கும் புகையை வெளிச்சம்போட்டுக் காட்டும். இருட்டில் போகஸ் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓட, ஷட்டர் விழாமலே போவதும் உண்டு.

ஆகவே டயலை மேனுவலில் வை. ஐ.எஸ்.ஓ. 100. உன் கேமரா 200இல்தான் தொடங்குகிறது என்றால் அப்பர்ச்சரை ஒரு படி மூடு. பொதுவாக எஃப் 8இல் ஆரம்பி; எஃப் எண் கூடக் கூட அப்பர்ச்சர் சுருங்கும். கிட்டத்தில் வெடித்தால் எஃப் 11; தூரத்தில் சின்னதாகத் தெரிந்தால் எஃப் 5.6. ஷட்டர் 'பல்ப்' நிலையில் இருக்கட்டும். பல கேமராக்களில் 30 நொடியையும் தாண்டிச் சுற்றினால் பல்ப் வரும். அதில் ரிமோட் பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும். படம் ரா பைலாக, அதாவது சென்சார் பார்த்தது சுருக்கப்படாமல், பதியட்டும். ஜேபெக்கில் வெளுத்த பொறியை மீட்க அனேகமாக முடியாது. ராவில் ஓரளவு முடியும்.

போகஸ்தான் புதிதாகப் பிடிப்பவர்களைக் கவிழ்க்கிற இடம். லென்ஸ் வளையத்தை முட்டுகிற வரை திருகிவிட்டால் இன்பினிட்டி, அதாவது வெகுதூரத்துக்கான போகஸ், வந்துவிடும் என்று நினைப்பார்கள். ஆட்டோபோகஸ் லென்ஸ் பலவும் இன்பினிட்டியைத் தாண்டியும் கொஞ்சம் திரும்பும். படம் முழுக்க மசமசவென்று வரும். சரியான வழி இது: பொழுது சாய்ந்ததும் தூரத்தில் எரியும் தெருவிளக்கையோ செல்போன் டவர் உச்சியிலிருக்கும் சிவப்பு விளக்கையோ திரையில் வைத்து, 10 மடங்கு பெரிதாக்கிப் பார். அந்த விளக்கு எந்த இடத்தில் மிகச் சின்னப் புள்ளியாகச் சுருங்குகிறதோ அதுதான் போகஸ். உடனே எம்.எஃப்.க்கு (மேனுவல் போகஸ்) மாற்றி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடு. அதற்கப்புறம் ஜூமைத் தொடக் கூடாது. 18–55 போன்ற லென்ஸ்களில் ஜூம் மாறினால் போகஸும் நகரும். தொட்டாய் என்றால் மறுபடி முதலிலிருந்து.

மெனுவில் அணைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்; நீண்ட நேரப் படத்தில் விழும் பொட்டுகளைத் துடைக்கிற வசதி. 6 நொடி படம் எடுத்தால், அது இன்னொரு 6 நொடி ஷட்டரை மூடி வைத்து ஓர் இருட்டுப் படத்தை எடுத்துக் கழிக்கும். அந்த நேரத்தில் கேமரா எதற்கும் அசையாது; பாதி வாணம் கைவிட்டுப் போகும். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளிப் பட்டாசுக்கு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. உன் கையில் இருப்பது ஒரே ஒரு மணி நேரம். அதில் பாதியைக் கேமராவுக்குத் தத்தம் செய்யாதே. இரண்டாவது, ஆட்டம் தடுக்கும் ஸ்டெபிலைசேஷன். ட்ரைபாடில் அசைவே இல்லாதபோது, சில கேமராக்களில் அது இல்லாத அசைவைத் தேடித் தானே ஆடும்.

நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் நிற்கும். டேலைட்டில் வைத்தால் பொன்னிறம் பொன்னாகவே இருக்கும். பின்னால் தெருவிளக்கு மஞ்சள் அதிகமானால் 4000 கெல்வின் பக்கம் இறக்கிக்கொள்.

இனி நிற்கும் இடம். காற்று உன் முதுகிலோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். எதிர்க்காற்றில் நின்றால் புகை முழுக்க உன் பக்கம்தான். மாடியில் ஓர் ஊதுபத்தி கொளுத்திப் பார், தெரிந்துவிடும். ஐப்பசியில் மழைக்காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால், வாணத்துக்கு வடக்கே அல்லது கிழக்கே நிற்பது நல்லது. ஈரக் காற்றில் புகை சீக்கிரம் கலையாது. அதனால் முதல் 10 நிமிடம்தான் தங்கம். 7 மணிக்கு மேல் ட்ரைபாடை விரித்துக்கொண்டிருந்தால் புகையைத்தான் படம்பிடிப்பாய்.

ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதே. அதுதான் முதலில் ஆடும். அதன் அடியில் கொக்கி இருந்தால் பையை மாட்டு. பை காற்றில் ஊஞ்சலாடாமல் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். கேமரா வாரைக் கழற்றிவிடு. மாடியில் பிள்ளைகள் ஓடினால் தளமே அதிரும், 5 நொடிப் படத்தில் கோபுரம் இரண்டாகத் தெரியும். பிள்ளைகளைக் கீழே முகப்புக்கு அனுப்ப ஏற்பாடு செய். அவர்கள் கேட்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

திருவிழா வாணமென்றால் கணக்கு மாறும். குழாயில் போட்டு ஏற்றும் குண்டு, அதன் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 100 அடி உயரம் போகும் என்பது தோராயக் கணக்கு. 3 அங்குலக் குண்டு 300 அடியில் பூக்கும். நீ 300 அடி தள்ளி நின்றால், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி 18 மி.மீ.யில் வைத்தால் தரையும் பூவும் சேர்ந்து அடங்கும். அதில் மேலும் கீழுமாக 65 டிகிரி அளவுக்குத் தெரியும். 600 அடி தள்ளிப் போனால் கிடைமட்டமாகவே பிடிக்கலாம். 300 அடியைவிடக் கிட்டே போகாதே, படத்துக்கும் நல்லதல்ல, தலைக்கும் நல்லதல்ல. வீட்டில் வைக்கும் ஷாட் பெட்டிகள் இவ்வளவு உயரம் போகாது; 35 மி.மீ. வரை ஜூம் செய்து, போகஸை முடித்து டேப் ஒட்டிக்கொள்.

எப்போது திறப்பது? கண்ணை நம்பாதே, காதை நம்பு. குழாயிலிருந்து 'தொப்'பென்று கிளம்பும் சத்தம் கேட்டதும் திற. இரண்டு மூன்று நொடியில் மேலே பூக்கும். பொறிகள் வளைந்து விழுந்து அணையத் தொடங்கும்போது மூடு. ஏறும் வால், பூ, விழும் பொறி எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். பூத்ததைப் பார்த்துவிட்டுத் திறந்தால், நடுவில் வேர் இல்லாத பூதான் கிடைக்கும். ஷாட் பெட்டிக்கு இது பொருந்தாது. அது ஒரே இடத்திலிருந்து சடசடவென்று கிளம்புவதால், மூன்று ஷாட்டுக்கு மேல் ஒரே படத்தில் விட்டால் அடித்தண்டு வெள்ளைக் கம்பமாகிவிடும். இரண்டு, மூன்றோடு மூடிவிட்டு அடுத்த படத்துக்குப் போ.

எல்லா நிறத்துக்கும் ஒரே அப்பர்ச்சர் சரிவராது. அலுமினியம், மெக்னீசியம் எரியும் வெள்ளி வாணம் மிகப் பிரகாசம். அதற்கு எஃப் 11, எஃப் 16 கூட வேண்டியிருக்கும். ஸ்ட்ரான்சியத்தின் சிவப்புக்கும், கரி எரியும் பொன்னிற மழைக்கும் எஃப் 8 போதும். செம்பு உப்பில் வரும் நீலம் இயல்பாகவே மங்கல்; வெள்ளையோடு சேர்ந்து வெடித்தால் அது படத்தில் காணாமல் போகும். எஃப் 16ஐத் தாண்டி மூடாதே, கூர்மை போய்விடும். இரண்டு படம் எடுத்ததும், படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார். இருட்டில் கேமராத் திரை பொய் சொல்லும், மங்கலான படமும் அதில் ஜொலிக்கும். திரை வெளிச்சத்தைக் குறைத்து வை. வெளுத்த இடம் மினுக்கும் எச்சரிக்கையையும் போட்டுக்கொள். நடுப்பூ மட்டும் மினுக்கினால் பரவாயில்லை, இதழ்களும் மினுக்கினால் ஒரு படி மூடு.

கோபுரத்தையும் சேர்த்துப் பிடிக்க ஆசைப்படுவாய். அங்கேதான் நேரம் வேலைக்கு வருகிறது. வாணம் தொடங்குமுன், அதே எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100இல் சீரியல் பல்பு போட்ட கோபுரத்தை 1 நொடி, 2 நொடி, 4 நொடி என்று எடுத்துப் பார். 4 நொடியில் சுதைச் சிற்பம் வெளுக்கிறது என்றால் உன் எல்லை 2 நொடி. ஆனால் வாணத்துக்கு 6 நொடி வேண்டுமே? ஒரு கறுப்பு அட்டையை எடுத்துக்கொள். ஷட்டரைத் திறந்து வைத்து, அட்டையால் லென்ஸை மூடு. தொடாமல், ஒரு விரல் இடைவெளியில். 'தொப்' கேட்டதும் அட்டையை எடு. 2 நொடி ஆனதும் கோபுரம் இருக்கும் கீழ்ப்பாதியை மட்டும் அட்டையால் மறைத்து, பூ அணையும் வரை மேலே மட்டும் திறந்து வை; அணைந்ததும் ஷட்டரை மூடு. அட்டையைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே இரு, விளிம்பு தெரியாது. இதற்கு வெள்ளை அட்டை உதவாது.

ஊருணிக் கரையில் நின்றால் வாணம் தண்ணீரிலும் விழும். நீண்ட நேரத் திறப்பில் சிற்றலைகள் மழுங்கி, நிறம் பட்டுத்துணி போலப் பரவும். படத்தில் பாதி தண்ணீருக்கு என்று கேமராவைத் தாழ்த்தி வை. கரை ஈரமாக இருக்கும், ட்ரைபாட் கால் புதையும். அடியில் மூன்று ஓட்டுத்துண்டு போட்டுக்கொள்.

முகப்பில் பிள்ளைகள் கொளுத்தும் கம்பி மத்தாப்புக்கு வேறு கணக்கு. முகம் வேண்டுமா, கோடு வேண்டுமா என்று முதலில் முடிவு செய். முகம் என்றால் ஐ.எஸ்.ஓ. 800 முதல் 1600, அப்பர்ச்சர் லென்ஸ் திறக்கும் அளவு, ஷட்டர் 1/60. மத்தாப்பு வெளிச்சமே முகத்துக்கு விளக்கு. பிளாஷ் அடித்தால் அந்தச் செம்மை போய்விடும். கோடு என்றால் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, 8 நொடி. பிள்ளை ஆடாமல் நின்று கையை மட்டும் வீசி எழுதட்டும். புஸ்வாணத்துக்கு எஃப் 11, 2 நொடி. பொறி தெறிக்கும் தூரத்தில் கேமரா இருந்தால் லென்ஸ் முன்னால் அதைக் காக்கும் கண்ணாடியாக யூ.வி. பில்டர் போடு. வான வாணத்துக்கு அதைக் கழற்றிவிடு. கோபுர விளக்கு அதில் பட்டுத் திரும்பி, வானத்தில் பச்சைப் புள்ளியாக நிற்கும்.

தீபாவளியில் கை பழகிவிட்டால் கார்த்திகைக்கும் வா. என் கணக்கில் மாவலி சுற்றுவதுதான் எல்லாவற்றிலும் அழகான படம். பனம்பூக் கரியின் பொறி செம்மங்கலாக இருக்கும், ஆகவே எஃப் 5.6, 10 நொடி. சுற்றுகிறவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், நகர்ந்தால் வட்டம் குழம்பிவிடும். அன்றைக்குப் பௌர்ணமி நிலா வேறு. அது படச் சட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். சொக்கப்பனைக்கு இந்த நீண்ட நேரமெல்லாம் கூடாது. 1/125 வை, இல்லையென்றால் தீநாக்கு நெய்விளக்குப் புகை மாதிரி மழுங்கிவிடும்.

கேமராவை ஏசி அறையிலிருந்து எடுத்து நேரே மாடிக்குக் கொண்டுபோகாதே, லென்ஸில் ஆவி பிடிக்கும். அரை மணி நேரம் முன்னாலேயே பையோடு வெளியில் வைத்துவிடு. திரையை எரியவிட்டுப் படம் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இரண்டாக வைத்துக்கொள். 32 ஜி.பி. கார்டு ஒரு ராத்திரிக்குப் போதும். ட்ரைபாடில் கேமராவைப் பூட்டுகிற சின்ன பிளேட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு வராதே. அது இல்லாமல் ட்ரைபாட் வெறும் கம்புதான்; இங்கே பண்டிகை நேரத்தில் கடையில் தேடினாலும் உன் ட்ரைபாடுக்குப் பொருந்துவது கிடைக்காது.

ஆயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்