யாரோ செஞ்சிட்டாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தேயிலைத் தோட்டத்துக் கோடாங்கி (குறி பார்த்து மந்திரிப்பவர்) ஒருவரைப் பற்றிய செய்திக்கு ‘சூனியக்காரர்’ என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். அது தவறு. எங்கள் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சூனியத்தை எடுக்கத்தான் சனங்கள் கோடாங்கியிடம் போகிறார்கள். வைத்தியரை நோய் பரப்புகிறவர் என்று எழுதியது போல ஆகிவிட்டது.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் நெடுங்காலம் தமிழ் படிப்பித்தவள். சூனியம் வடசொல், வெறுமை என்பது அதன் பொருள். பௌத்தத்தில் அது பெரிய தத்துவச் சொல். சிங்களத்திலும் சூனியம், ஹூனியம் என்று பில்லிசூனியத்தைச் சொல்கிறார்கள். மந்திரம் என்ற சொல்லின் மதிப்பே வேறு. நிறைமொழி மாந்தர் ஆணையிட்டுச் சொன்ன மறைமொழி என்கிறது தொல்காப்பியம். கோடாங்கி திருநீற்றை மந்திரித்துக் கொடுக்கிறார் என்றுதான் சொல்வோம், சூனியம் செய்து கொடுக்கிறார் என்று சொல்லமாட்டோம்.

அப்புறம் செய்வினை. இலக்கண வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று தொடங்கினாலே பின்வரிசையில் சிரிப்பு கேட்கும். பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்வினை வேறு. ஆனால் லயத்தில் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்: “யாரோ செஞ்சிட்டாங்க.” என்ன செய்தார்கள் என்பது அதில் இல்லை. எழுவாயும் ‘யாரோ’தான். காரணம் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். பெயரைச் சொல்லிவிட்டால் நாளைக்கு ஒரே பீலியில் எப்படித் தண்ணீர் பிடிப்பது?

அப்படிப் பெயர் சொல்லப்பட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் லயத்தில் தனியாக இருந்த ஒரு அம்மாவைச் ‘சூனியக்காரி’ என்று ஒரு நாள் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு அவர் குடத்தோடு வந்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். சின்னப்பிள்ளைகள் நாங்களும் ஓடினோம். கொஞ்ச நாளில் அவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அது இன்றைக்கும் எனக்கு மனவருத்தம்.

என் அம்மாயியும் (அம்மாவின் அம்மா) மந்திரிப்பார். காய்ச்சல் என்றால் இரவு திருநீறு பூசிவிட்டு, விடிந்ததும் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போவார். உங்கள் தலைப்பின்படி அவரும் சூனியக்காரிதான். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கோடாங்கியைக் கோடாங்கி என்றே எழுதுங்கள். ஏமாற்றிக் காசு பறித்தவர் என்றால் மோசடிக்காரர் என்று தாராளமாக எழுதுங்கள். சனங்கள் ‘யாரோ’ என்று விட்ட இடத்தில் பத்திரிகை ஒரு ஆளை நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஹட்டன்.